குழல் சூடேறும்போது

"அண்ணே, பேரல் சூடாயிடுச்சு, அதான் குண்டு எங்கேயோ போகுது."

ராணுவத்தில் துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் ஆர்மரராக இருந்த காலத்தில் ரேஞ்சில் நான் அதிகம் கேட்ட புகார் இதுதான். தமிழ்ப் பையன்கள் இப்படிச் சொல்வார்கள், மற்றவர்கள் இந்தியில் சொல்வார்கள். குறி தவறினால் துப்பாக்கி மேல் பழி. துப்பாக்கியில் கழன்றதோ உடைந்ததோ எதுவும் அகப்படாவிட்டால் சூட்டின் மேல் பழி. பதிலுக்கு நான் ஒன்றுதான் கேட்பேன்: "எந்தப் பக்கம் போகுது?"

பெரும்பாலும் முழிப்பார்கள். மேலே ஏறுகிறதா, வலப்பக்கம் நகர்கிறதா, நாலாபக்கமும் சிதறுகிறதா என்று கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் எனக்கு வேண்டியது அந்தத் திசைதான். சூட்டுக்கென்று சொந்தமாக ஒரு திசை கிடையாது. நேரான, உள்ளே இறுக்கம் இல்லாத, சுற்றிலும் எதையும் தொடாத ஓர் எஃகுக் குழல் சூடானால் கொஞ்சம் நீளும், கொஞ்சம் பருக்கும், அவ்வளவுதான். குண்டுகள் ஒரே பக்கமாக வரிசை கட்டி நகர்கின்றன என்றால் குழலை ஏதோ ஒன்று அந்தப் பக்கம் தள்ளுகிறது. தள்ளுவது மரமா, ஸ்க்ரூவா, எஃகுக்குள்ளேயே தங்கிவிட்ட பழைய வளைவா என்று கண்டுபிடிப்பதற்குத்தான் ஆர்மரருக்குச் சம்பளம். குளிர்ந்திருக்கும்போது ஒளிந்திருக்கிற குறையைச் சூடு வெளியே இழுத்துப் போடுகிறது. அந்த வகையில் எனக்குச் சூட்டின் மேல் ஒரு மரியாதையே உண்டு.

கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். ஒரு 7.62 தோட்டாவுக்குள் இருக்கும் மருந்து ஏறத்தாழ 3 கிராம். அது எரிந்து தரும் சக்தியில் குண்டை ஓட்டச் செலவாவது மூன்றில் ஒரு பங்குதான். மிச்சத்தில் ஒரு பகுதி வாயுவோடு குழல்வாய் வழியே போய்விடுகிறது, ஒரு நல்ல பகுதி குழலின் எஃகிலேயே இறங்கிவிடுகிறது. உள்ளே எரியும் வாயுவின் வெப்பம் எஃகு உருகும் வெப்பத்தையே தாண்டும். குண்டு குழலுக்குள் இருப்பது ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு சொச்சம் என்பதால்தான் குழல் பிழைக்கிறது. இருபது தோட்டாவை விடாமல் சுட்டுவிட்டுக் குழலில் கை வைத்துப் பாருங்கள், அடுத்த முறை வைக்க மாட்டீர்கள்.

600 மில்லிமீட்டர் நீளக் குழல் 100 டிகிரி சூடேறினால் சுமார் 0.7 மில்லிமீட்டர் நீளும். இந்த நீட்சியால் குறிக்கு ஒரு கெடுதலும் இல்லை. கெடுதல் வருவது ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் நீளும்போது. 20 மில்லிமீட்டர் தடிமனுள்ள அதே குழலில் ஒரு பக்கம் எதிர்ப்பக்கத்தைவிட ஒரே ஒரு டிகிரி அதிகச் சூடாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குழல் குளிர்ந்த பக்கமாக வளையும். வளைவு கண்ணுக்குத் தெரியாது; ஆனால் 100 மீட்டரில் குண்டு சுமார் மூன்றரை சென்டிமீட்டர் விலகி விழும். எனக்கும் முதலில் நம்பிக்கை வரவில்லை. காகிதத்தில் போட்டுப் பார்த்த பிறகுதான் வந்தது.

டாங்கிக்காரர்களுக்கு இது பழைய பாடம். ஆவடியில் தயாரான டி-72 டாங்கியின் 125 மில்லிமீட்டர் குழலைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதற்கு மேலே உலோகத் தகட்டில் ஓர் உறை போட்டிருக்கும். ராஜஸ்தான் வெயில் குழலின் முதுகில் மட்டும் விழுந்தால் மேல்பக்கம் நீண்டு, குழல்வாய் தலையைத் தொங்கப் போட்டுவிடும். ஒரு குண்டுகூடச் சுடாமலே குறி கெடும். அவ்வளவு பெரிய பீரங்கிக்கே இந்தக் கதி என்றால், விரல் தடிமனுள்ள ரைஃபிள் குழலுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

செகந்திராபாத்தில் பாடமாகப் படித்ததைவிட, யூனிட்டில் எனக்கு உஸ்தாதாக வாய்த்த ஒரு பஞ்சாபி சுபேதாரிடம் பார்த்துக் கற்றதுதான் அதிகம். அவருக்கு .303 லீ-என்ஃபீல்டு ரைஃபிள் என்றால் உயிர். கையில் எஸ்.எல்.ஆர். ரைஃபிள் வந்து வருடங்கள் ஆகியும், மரவேலை கற்பிக்க .303-ஐத்தான் எடுப்பார். காரணம் உண்டு. அந்த ரைஃபிளில் குழல்வாய் வரைக்கும் மரம் போகும். குழலைச் சுற்றி அவ்வளவு மரம் இருந்தால் அது தொடுவதற்கும் அவ்வளவு இடம் இருக்கிறது. பின்பக்கம் பாடியை மரம் கெட்டியாகப் பிடித்திருக்க வேண்டும். முன்னால் நோஸ்கேப் அருகே ஒரு சிறு ஸ்பிரிங்கும் குமிழும் குழலைக் கீழிருந்து மேல்நோக்கித் தாங்கும். இடையில் குழல் மரத்தின் பக்கச் சுவர்களைத் தொடாமல் முன்னும் பின்னும் நகர வழி வேண்டும். சூடாகி நீளும் குழலுக்கு அந்த வழி இருந்தால் அது நேராக நீளும். மரம் எங்காவது கவ்விப் பிடித்தால், நீள வழியில்லாமல் வளைந்துகொள்ளும்.

கவ்வுகிறதா என்று பார்ப்பதற்கு உஸ்தாத் கையாண்ட வழி விளக்குக் கரி. கரியை எண்ணெயில் குழைத்துக் குழலில் மெல்லிசாகப் பூசி, மரத்தைப் பொருத்தி, ஸ்க்ரூவை எல்லாம் முறையாக இறுக்கி, மறுபடி கழற்றுவோம். மரம் தொட்ட இடத்தில் கறுப்பு ஒட்டியிருக்கும். அந்த இடத்தை மட்டும் சுரண்ட வேண்டும், அதுவும் ஒரே மூச்சில் இல்லை. சுரண்டி, பூசி, பொருத்தி, கழற்றி, மறுபடி. இதை எல்லா ஆர்மரரும் செய்வார்கள். உஸ்தாத் ஒரு படி மேலே போவார். ரேஞ்சில் ரைஃபிளைச் சூடேறச் சுடவைத்து, சூடு ஆறுவதற்குள் அங்கேயே பெஞ்சில் வைத்துக் கழற்றிக் கரி எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பார். குளிரில் தொடாத இடம் சூட்டில் தொட்டிருக்கும். குண்டு வலப்பக்கம் நகர்கிறது என்று புகார் வந்த ரைஃபிளில் கறுப்பு இடச்சுவரில் இருக்கும். விரலால் அதைத் தொட்டுக் காட்டிவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் டீ குடிக்கப் போய்விடுவார். அதற்கு மேல் என்ன பாடம் வேண்டும்?

சுரண்டிய இடத்தை அப்படியே விடக்கூடாது. பச்சையான மரம் ஈரத்தைக் குடிக்கும். ஆளி விதை எண்ணெயை ஊற ஊறத் தேய்த்து நிறுத்தி வைப்போம். அசாமின் மழையில் ஊதிப்போன மரம் ராஜஸ்தானுக்கு வந்ததும் சுருங்கும். யூனிட் இடம் மாறினால், சைட்டில் குறிக்குச் சரிசெய்து வைத்த ஜீரோவும் மாறும். குழலில் ஒரு மாற்றமும் நடந்திருக்காது. இஷாப்பூர் தொழிற்சாலை தன் லீ-என்ஃபீல்டுகளில் மரம் பிளக்காமலிருக்க, கீழ் மரத்தின் குறுக்கே ஒரு ஸ்க்ரூ போட்டது. வெளிநாட்டில் பழைய ரைஃபிள் சேகரிப்பவர்கள் இன்றைக்கும் அதை இஷாப்பூர் ஸ்க்ரூ என்றுதான் சொல்கிறார்கள். நம் ஊர் வெயிலையும் மழையையும் அறிந்து செய்த வேலை அது.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்று பிற்காலத்தில் குழலை எதிலும் தொடாமல் மிதக்க விட்டார்கள். சரியாக மிதக்கிறதா என்று பார்க்க, குழலுக்கும் மரத்துக்கும் இடையே ஒரு பத்து ரூபாய் நோட்டை விட்டு, குழல்வாயிலிருந்து தோட்டா உட்காரும் சேம்பர் வரை தடையில்லாமல் இழுக்க வேண்டும். நோட்டு சிக்கினால் மரம் தொடுகிறது. டிராகுனோவ் ரைஃபிளில் வேறு தந்திரம்: கைப்பிடி மரங்களை ஸ்பிரிங் கொடுத்துப் பிடித்திருப்பார்கள், குழல் சூட்டில் பருத்து நீண்டாலும் மரம் விட்டுக் கொடுக்கும். எஸ்.எல்.ஆரில் மரத்தைவிட ஸ்லிங்தான் வம்பு. ஸ்லிங் கோக்கும் முன்வளையம் குழலோடு சேர்ந்தது. சுடுபவர் சுட்டுக்கொண்டே போகப் போக ஸ்லிங்கை இறுக்கிக் கொள்வார், குண்டு இறங்கிக்கொண்டே போகும், பழி பேரல் சூட்டுக்கு.

சோதனை எளிது. ஆறிய குழலில் ஐந்து தோட்டா ஒரு காகிதத்தில். பிறகு பத்துப் பதினைந்து தோட்டாவை வேகமாக எங்காவது மண்மேட்டில். உடனே புதுக் காகிதத்தில் மறுபடி ஐந்து. ரைஃபிள் முழுவதும் ஆறட்டும் என்று விட்டு, மூன்றாவது காகிதத்தில் ஐந்து. ஒவ்வொரு காகிதத்திலும் ஐந்து ஓட்டைகளின் நடுப்புள்ளியை, நாங்கள் எம்.பி.ஐ. என்று சொல்வதை, குறித்துக்கொண்டு மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெயிலில் பிடித்துப் பார்க்க வேண்டும். மூன்றும் ஒரே இடத்தில் இருந்தால் குழலைக் குறை சொல்லாதே, சுடுபவரைக் கூப்பிடு. இரண்டாவது மட்டும் தள்ளிப்போய் மூன்றாவது பழைய இடத்துக்குத் திரும்பியிருந்தால் மரமோ எஃகின் இறுக்கமோ காரணம். மூன்றாவதும் திரும்பவில்லை என்றால் ஏதோ ஸ்க்ரூ கழன்றிருக்கிறது. நடுப்புள்ளி நகராமல் குரூப் மட்டும் பெருத்தால் நான் முதலில் சேம்பருக்கு முன்னே புரி தொடங்கும் இடத்தைப் பார்ப்பேன். வாயுவின் சூடு அரிப்பது அந்த இடத்தைத்தான்.

எஃகின் இறுக்கம் என்றேன். குழலைத் துளைத்து, புரி வெட்டியோ, சுத்தியலால் அடித்துப் புரி பதித்தோ முடிக்கும்போது எஃகுக்குள் இழுவிசையும் அமுக்கமும் தங்கிவிடும். தொழிற்சாலையில் உலையில் வைத்து மெதுவாக ஆறவிட்டு அதைப் போக்குவார்கள். சரியாகப் போகாத குழலும், வளைந்துபோய்ப் பிறகு பிரஸ்ஸில் வைத்து நிமிர்த்தப்பட்ட குழலும் ஆறியிருக்கும்போது யோக்கியமாக இருக்கும். சூடேறினால் பழைய வளைவுக்குப் போகப் பார்க்கும். இந்தக் குழல்களை அடையாளம் காண்பது சுலபம்: மரத்தை எத்தனை முறை சுரண்டினாலும் குண்டு அதே பக்கம், அதே அளவு நகரும். மருந்து கிடையாது. குழலை மாற்று என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டியதுதான். சுரண்டிக்கொண்டே இருந்து நல்ல மரத்தைப் பாழாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சூட்டின் மேல் சும்மா விழும் பழிகளில் முதலாவது, ஆறிய குழலின் முதல் குண்டு. மற்றவை ஒரு இடத்தில் குவிந்திருக்க அது மட்டும் தனியாக நிற்கும். பார்த்தவுடன், "குளிர்ந்த பேரல் வேற, சூடான பேரல் வேற" என்பார்கள். நான் குழல் துடைக்கும் புல்-த்ரூ கயிற்றில் புதுத் துணிச் சிந்தியைக் கோத்து இரண்டு தடவை இழுத்து, எண்ணெயை வழித்தெடுத்துவிட்டுச் சுடச் சொல்வேன். பல தடவை அந்தத் தனிக் குண்டும் கூட்டத்தோடு சேர்ந்துவிடும். இரவு பூசிய எண்ணெய் செய்த வேலை அது.

இரண்டாவது கானல். இது குழலைத் தொடாமல் கண்ணைக் கெடுக்கும். சூடான குழலிலிருந்து எழும் காற்று பார்வைக் கோட்டின் குறுக்கே நெளியும்போது குறிப்பலகையே நீரில் மிதப்பதாகத் தெரியும். கண் பார்க்கும் குறியும் உண்மையான குறியும் வேறாகிவிடும். குழலோ நேராகத்தான் இருக்கும். தொலைநோக்கி வைத்தவர்களுக்கு இது இன்னும் மோசம், பெருக்கம் கூடக்கூட நெளிவும் பெருகும். போட்டிக்குச் சுடுபவர்கள் குழலின் மேல் நீளமாக ஒரு பட்டையை இழுத்துக் கட்டியிருப்பார்கள். சூடான காற்று பக்கவாட்டில் விலகிவிடும். காசே ஆகாத வைத்தியம். ஆனாலும் குழலை மாற்ற மனு எழுதுகிறவர்கள் பட்டை கட்ட மாட்டார்கள்.

மூன்றாவது, சூடான சேம்பருக்குள் காத்திருக்கும் தோட்டா. வேகமாகச் சுட்டுவிட்டு, அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி, காற்றைப் பார்த்து, கட்டளைக்குக் காத்து ஒருவர் நிற்கிறார். அதற்குள் தோட்டாவுக்குள் இருக்கும் மருந்து சூடேறிவிடும். சூடான மருந்து வேகமாக எரியும், அழுத்தம் கூடும், குண்டு வேகமாகப் போகும். 100 மீட்டரில் இதை யாரும் கவனிக்க மாட்டார்கள். 500, 600 மீட்டரில் குண்டு பலகையின் மேல்விளிம்பைத் தேடும். சேம்பர் அளவுக்கு மீறிச் சூடானால் விசையைத் தொடாமலே தோட்டா வெடித்துவிடும். பிரென் போன்ற இலகு இயந்திரத் துப்பாக்கிகளில் சுடாதபோது போல்ட் பின்னாலேயே நிற்பதும், சேம்பர் காலியாகக் காற்று வாங்குவதும் அதற்காகத்தான்.

பிரென்னுக்கு மாற்றுக் குழல் உண்டு. விடாமல் சுட்டால் பத்து மேகசீன் வாக்கில் குழலை மாற்ற வேண்டும் என்பது பாடம். கைப்பிடி குழலோடேயே இருப்பதால் கை சுடாமல் கழற்றலாம். பலர் மறப்பது என்னவென்றால், முன்சைட்டும் குழலோடேயே போகிறது. ஆகவே இரண்டு குழலையும் தனித்தனியே ஜீரோ செய்து வைக்க வேண்டும். ஒன்றை மட்டும் ஜீரோ செய்துவிட்டு, மாற்றியதும் குண்டு இடம் மாறுகிறது, பேரல் சூடு என்று வந்து நின்றவர்கள் உண்டு. மாற்றிய குழல் பச்சைத் தண்ணீர் போலக் குளிர்ந்திருக்கும்போதே இந்தப் புகார்!

ஓய்வு பெற்ற பிறகு ஷாட்கன் பக்கம் வந்தேன். கிளே தட்டு சுடும் கிளப்பில் துப்பாக்கிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ரைஃபிளில் ஊறியவனுக்கு இது வேறு உலகம். குழல்சுவர் முன்பக்கம் ஒரு மில்லிமீட்டர் வாக்கில்தான் இருக்கும். உள்ளே அழுத்தம் ரைஃபிளில் வருவதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. தோட்டாவில் மருந்து பாதிதான். ஆனால் சுவர் மெலிசு என்பதால் வெளிப்பக்கம் சீக்கிரம் சுடும். போகும் ரவைகளோ ஒரு குடும்பமாகப் பரவி 35 மீட்டரில் முக்கால் மீட்டர் அகலத்துக்கு விரிந்துவிடும். அங்கே ஒரு சென்டிமீட்டர் விலகலுக்காக யாரும் கண்ணீர் விட வேண்டியதில்லை.

அப்படியானால் ஷாட்கன்னில் சூடு ஒன்றும் செய்யாதா? செய்யும், இரண்டு குழலை ஒன்றாகப் பற்றவைத்திருப்பதால். டிராப் போட்டியில் ஒரு சுற்றுக்கு 25 தட்டு. முதல் வெடியிலேயே தட்டு உடைந்தால் இரண்டாவது தேவையில்லை. மேலும் கீழுமாகக் குழல் வைத்த துப்பாக்கியில் வழக்கமாக முதலில் வெடிப்பது கீழ்க்குழல். நன்றாகச் சுடுபவர் ஒரு சுற்றை முடிக்கும்போது கீழ்க்குழல் கொதிக்கும், மேல்குழல் வெதுவெதுப்பாக இருக்கும். கீழ்க்குழல் நீளப் பார்க்கிறது, மேலே இருப்பது விட மறுக்கிறது, இரண்டும் சேர்ந்து மேல்நோக்கி வளைகின்றன. ரவைக் கூட்டம் கொஞ்சம் உயர்கிறது. மேலெழும் தட்டைச் சுடும் துப்பாக்கியே சற்று உயரமாகச் சுடும்படிதான் செய்யப்பட்டிருக்கும். அதற்கு மேல் இதுவும் சேர்ந்தால் நுட்பமான சுடுநருக்குத் தெரிந்துவிடும். சில ஜெர்மன் துப்பாக்கிகளில் குழல்களை முழு நீளத்துக்கும் பற்றவைக்காமல், முன்முனையில் ஒரு தாங்கியில் விட்டிருப்பார்கள். ஒன்று நீண்டால் மற்றதை இழுக்காது.

டபுள் டிராப்பில் இந்தத் தொல்லை குறைவு என்பது என் அனுமானம். இரண்டு தட்டும் ஒரே நேரத்தில் எழும், இரண்டு குழலும் ஒவ்வொரு முறையும் வெடிக்கும், ஆகவே சமமாகச் சூடேறும். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் மேஜர் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் வெள்ளி வாங்கியது இந்தப் பிரிவில்தான். ராணுவ மெஸ்களில் அன்று நடந்த கொண்டாட்டம் இன்னும் நினைவிருக்கிறது. பிறகு அந்தப் பிரிவையே ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

நம் ஊர்களில் அதிகம் இருப்பது பழைய பக்கவாட்டு இரட்டைக் குழல். முன்விசை பெரும்பாலும் வலக்குழலுக்கு, ஆகவே வலக்குழல்தான் அதிகம் உழைக்கும். மலைப்பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் அப்படி ஒன்றைக் கொண்டுவந்தார். "சார், அஞ்சாறு சுட்டதும் இடப்பக்கமா போகுதுங்க." திசை சொன்ன மனிதர்! வலக்குழல் சூடேறி நீண்டால் ஜோடி இடப்பக்கம் வளைவது சரிதான், ஆனால் ஐந்தாறு வெடிக்கு அது அதிகம். குழல்களை மட்டும் கழற்றிக் கொக்கியில் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டினேன். நல்ல ஜோடி கோயில் மணி போல ரீங்கரிக்கும். இது கரகரத்தது. இரண்டு குழலையும் இணைக்கும் ரிப் பாதி நீளத்துக்கு விட்டிருந்தது.

"கறுப்புப் பூச்சு புதுசா போட்டீங்களா?" என்று கேட்டேன். போன வருஷம்தான், பளபளவென்று போட்டுக் கொடுத்தார்கள் என்றார். கொதிக்கும் காரக் கரைசலில் முக்கிப் போடும் பூச்சு அது, ரைஃபிளுக்கு நல்லது. ஆனால் இரட்டைக் குழலின் ரிப்பைப் பிடித்திருப்பது ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று. காரம் அந்தப் பற்றைத் தின்றுவிடும். பற்று போன இடத்தில் காரமும் ஈரமும் தங்கி, வெளியே தெரியாமல் உள்ளிருந்து துருப்பிடிக்கும்.

எத்தனை வெடிக்கு ஒரு தடவை ஆறவிட வேண்டும் என்று அவர் கேட்டார். நீங்கள் ஒரு நாளைக்கு எத்தனை சுடுவீர்கள் என்றேன். காட்டுப்பன்றியை மிரட்ட வானத்தைப் பார்த்து இரண்டு என்றார். ஐந்தாறு வெடி வைத்துப் பார்த்ததே மச்சினருடன் ஒரு பந்தயத்துக்காம். சூட்டைப் பற்றி அவர் கவலைப்பட ஒன்றுமில்லை, துருவைப் பற்றித்தான் கவலை என்று விளக்கினேன். ரிப்பைக் கழற்றி உள்ளே சுத்தம் செய்து, புதிதாக ஈயம் வைத்து, மெதுவாகத் துரு ஏற்றித் தேய்க்கும் பழைய முறையில் நிறம் போட ஒரு மாதம் பிடித்தது. அதற்குள் தேர்தல் அறிவிப்பு வந்து, லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்கள். என்னிடமிருந்து நேரே ஸ்டேஷனுக்கு எடுத்துப் போனார். அங்கே வாங்கி வைத்த ரைட்டர், "என்னய்யா, இவ்வளவு மங்கலா இருக்கு, நல்லா கறுப்பா பூச்சு போடக் கூடாதா?" என்று கேட்டாராம்.